எம்டன் கப்பலும் நமது பக்கத்துப் பொய்யும்

கெடிலக் கரையில் திருவதிகை வீரட்டானேசுவரர் சந்நிதிக்குச் சற்றுத் தொலைவில், ஒரு வாசகசாலையின் திண்ணையில், செப்டம்பர் 22ந் தேதி மாலை முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாமும் போயிருந்தோம். பிரசங்கம் செய்த வாலிபர் நல்ல குரலும் நல்ல தமிழும் படைத்தவர், தேசபக்தியில் குறைவில்லாதவர். "1914ஆம் வருஷம் இதே நாள் இரவில் சென்னையைச் சுட்டதே எம்டன் கப்பல், அதன் மேல்தளத்தில் நின்று பீரங்கிகளுக்குக் குறி சொன்னவர் யார் தெரியுமா? நமது செண்பகராமன் பிள்ளை!" என்று அவர் முழங்கியபோது திண்ணை அதிர்ந்தது. கரகோஷம் செய்தவர்களில் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்கிறோம். கூட்டம் முடிந்து பண்ணுருட்டிக்கு நடந்து திரும்பும்போதுதான் வெட்கம் வந்தது. அவர் கூறியது உண்மையன்று என்பது நமக்குத் தெரியும். தெரிந்தே கை தட்டினோம்.

இதைப் பற்றி எழுதுவதா, சும்மா விடுவதா என்று சில நாள் யோசித்தோம். எழுதுவதே பத்திரிகையின் கடமை என்று முடிவாயிற்று. பிரிட்டிஷார் யுத்த காலத்தில் பரப்பிய பொய்களை எண்ணிக் கணக்கு வைத்திருக்கிறோம். நமது பக்கத்துப் பொய்க்கு மாத்திரம் கணக்கில்லை என்றால் அது என்ன நியாயம்?

முதலில் எம்டனின் சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறி விடுவோம். கார்ல் பான் முல்லர் என்னும் காப்டனின் தலைமையில் வங்காளக் குடாக்கடலில் பிரவேசித்த அந்த ஜர்மன் யுத்தக்கப்பல், 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்னைத் துறைமுகத்தை நெருங்கி, விளக்கொளியைப் பாய்ச்சி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை நோக்கிச் சுட்டது. பத்து நிமிஷம், அரை மணி என்று பலவாறு சொல்வார்கள். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகள் என்பதில் வேற்றுமை இல்லை. தொட்டிகள் எரிந்தன. சிலர் மாண்டனர். ஹைகோர்ட்டு மதிலிலும் குண்டு விழுந்தது. அதைக் குறிக்கும் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பின்னர் கப்பல் இருளில் மறைந்து, இலங்கையைச் சுற்றிச் சென்று, வர்த்தகக் கப்பல்கள் பலவற்றைப் பிடித்தும் மூழ்கடித்தும் திரிந்து, நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவினருகே ஆஸ்திரேலியக் கப்பலாகிய ஸிட்னியின் பீரங்கிகளுக்கு இரையாயிற்று. சென்னையிலிருந்து பல்லாயிரவர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடினர். அப்பால் "எம்டன்" தமிழ்ச் சொல்லாகி விட்டது. அசகாய சூரனையும், யாருக்கும் பிடி கொடாத தந்திரக்காரனையும், வீட்டில் கண்டிப்பு மிகுந்த தகப்பனாரையும் எம்டன் என்றே நமது ஜனங்கள் அழைத்தார்கள். ஒரு பகைக் கப்பலின் பெயரை இவ்வளவு ஆசையோடு தத்து எடுத்துக்கொண்ட பாஷை வேறு உண்டோ அறியோம்.

இனிச் செண்பகராமனுக்கு வருவோம். அவர் 1891ஆம் வருஷம் திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். வாலிபப் பிராயத்திலேயே ஸர் வால்டர் ஸ்டிரிக்லாண்டு என்னும் ஆங்கிலேயரின் துணையால் ஐரோப்பா சென்றார். 1914 ஜூன் மாதத்தில் அவர் இருந்தது ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஜூரிச் நகரம். எம்டனோ சீனக் கரையில் ஜர்மானியர் வசமிருந்த ஸிங்டாவ் துறைமுகத்தைச் சேர்ந்த கப்பல். 1914 ஜூலை 31ந் தேதி அங்கிருந்து புறப்பட்டு, ரஷ்யக் கப்பல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை திரும்பி வந்து, ஆகஸ்டு 6ந் தேதி மறுபடியும் புறப்பட்டது. பஸிபிக் தீவுகளின் வழியாகவே நமது கடலுக்கு வந்தது. ஐரோப்பியத் துறைமுகம் எதையும் அது தொடவில்லை. யுத்தம் மூண்ட பின் ஜூரிச்சில் இருந்துகொண்டு, பிரிட்டிஷாருக்கு விரோதமான பிரசுரங்களை ஜர்மனியில் வெளியிட அனுமதி வேண்டும் என்று ஜர்மன் கான்ஸலுக்கு மனு எழுதியவர் செண்பகராமன். அக்டோபரில் அவர் போய்ச் சேர்ந்தது பெர்லின். மனு எழுதும் கையும் சென்னைக்கு எதிரே பீரங்கி பிடிக்கும் கையும் ஒரே மனிதருடையவையாக இருக்க முடியுமானால், அவர் யோக சித்தராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கதையை முதலில் எழுதியவர் யார் என்ற ஆராய்ச்சி வேண்டாம். நமக்கு உறுத்துவது வேறு. சென்னையைச் சுட்டதன் நோக்கம் யாதென்று காப்டன் முல்லரே பின்னர் எழுதியிருக்கிறார். இந்திய ஜனங்களிடையே பரபரப்பை உண்டாக்குவது, ஆங்கிலேயரின் வியாபாரத்தைக் குலைப்பது, அவர்களுடைய கௌரவத்தைத் தாழ்த்துவது. அதாவது, அந்தக் குண்டுகளே ஒரு பிரசாரம். குண்டு போட்டவர் அதை அன்றே முடித்துக்கொண்டு போய்விட்டார். நாம் நூறு வருஷங்களுக்கு மேலாகச் சம்பளம் இல்லாமல் அவருடைய பிரசாரத்தை நடத்தி வருகிறோம். அதோடு நில்லாமல், குண்டுகள் குடிகளின் வீடுகளில் விழாதபடி காத்தவர் செண்பகராமன் என்று அதற்கு ஒரு தமிழ்ப் பூச்சும் பூசி விட்டோம்.

உண்மையான செண்பகராமனைக் காண வேண்டுமானால் ஜூரிச்சுக்குப் போக வேண்டும். அங்கே அவர் 1914 ஜூனில் அகில உலக இந்திய ஆதரவுக் கமிட்டி என்ற ஒன்றைத் தொடங்கி, "புரோ இந்தியா" என்ற பத்திரிகையை நடத்தினார். யுத்தம் இன்னும் ஆரம்பமாகவில்லை. ஜர்மனியின் பணமோ ஆதரவோ கைக்கு வரவில்லை. இருபத்து மூன்று வயது கூட நிரம்பாத ஒரு தமிழ் வாலிபர், உற்றார் உறவினர் இல்லாத ஊரில், தமது தேசத்தின் வழக்கை அயலாருக்குச் சொல்லப் பத்திரிகை நடத்துகிறார். பீரங்கியின் பின்னால் நிற்கும் வீரனுக்குக் கப்பல் முழுவதும் துணை. இவருக்கு யார் துணை? இந்தக் காட்சியை விட்டு விட்டு எண்ணெய்த் தொட்டி எரிந்த காட்சியை நாம் தேடிக்கொண்டது நமது ரசனையின் குறை என்றே சொல்வோம்.

அவர் பத்திரிகை நடத்திய தேசமும் எப்படிப்பட்டது என்று அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். ஸ்விட்ஜர்லாந்து 1914 முதல் 1918 வரை யுத்தத்தில் யார் பக்கமும் சேரவில்லை. அதனாலேயே எல்லாப் பக்கத்து ஆட்களும் அங்கே சேர்ந்து விட்டார்கள். ஜர்மன் பாஷை பேசும் பிரதேசத்தார் ஜர்மனியிடமும், பிரெஞ்சு பாஷை பேசுவோர் பிரான்ஸிடமும் அனுதாபம் காட்டினர். அவரவர் பத்திரிகைகளும் அவ்வாறே பிளவுபட்டன. நடுநிலை நாட்டில் வெளியாகும் செய்திக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. லண்டனிலிருந்து வந்தால் ஆங்கிலேயன் புளுகு, பெர்லினிலிருந்து வந்தால் ஜர்மானியன் புளுகு என்று தள்ளுகிறவன், ஜூரிச்சிலிருந்தோ ஹாலந்திலிருந்தோ வந்தால் நம்புகிறான். ஆகையால் யுத்தம் செய்கிறவர்கள் நடுநிலைப் பத்திரிகைகளைத் தேடிப் பிடிப்பது வழக்கமாயிற்று. சுற்றிலும் சண்டை நடக்கும் ஊரில் சத்திரம் யார் வீட்டுத் திண்ணையோ அதில் எல்லோரும் படுத்துக்கொள்வது போல.

ஒற்றர்களுக்கும் குறைவில்லை. கர்ஸன் வில்லி 1909ஆம் வருஷம் லண்டனில் சுடப்பட்டபின், ஐரோப்பாவிலிருந்த இந்தியத் தேசபக்தர்களைக் கண்காணிப்பதற்கென்று பிரிட்டிஷ் ஸர்க்கார் ஓர் இலாகாவை ஏற்படுத்தியது. அதை நடத்தியவர் பம்பாய்ப் போலீஸில் உத்தியோகம் பார்த்த ஜான் வாலிங்கர். அவர் 1915ஆம் வருஷத்தில் சேர்த்துக்கொண்ட ஆட்களில் ஒருவர், பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஸாமர்ஸெட் மாம். ஜெனிவாவில் ஒரு ஹோட்டலில் தங்கி, நாடகம் எழுதுவதாகச் சொல்லிக்கொண்டு, மாம் வேவு வேலை பார்த்தார். அந்த அனுபவங்களை 1928இல் "ஆஷெண்டன்" என்ற கதைப் புஸ்தகமாக வெளியிட்டார். அதில் ஓர் இந்தியப் புரட்சிக்காரர் வருகிறார். அவர் காதலித்த பெண்ணையே தூண்டிலாக்கி அவரை நடுநிலை எல்லைக்கு வெளியே இழுக்கிறார்கள். பிடிபட்டதும் அவர் விஷம் உண்டு சாகிறார். இந்தப் பாத்திரத்துக்கு மாதிரி, ஸரோஜினி தேவியின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயர் என்பார்கள். கதையில் செத்தவர் மெய்யில் அகப்படவே இல்லை. கையில் கிடைக்காதவரைக் காகிதத்தில் கொன்று தீர்த்தார்கள் போலும். கதை என்று பெயர் போட்டு எழுதியதால் மாமைப் பற்றி நாம் குறை கூற மாட்டோம். செய்தி என்று பெயர் போட்டுக் கதை எழுதினவர்கள்தான் குற்றவாளிகள்.

அந்தக் குற்றத்துக்கு 1917ஆம் வருஷத்திய "பிணத் தொழிற்சாலை"யைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. ஜர்மானியர் தமது சொந்தப் போர்வீரர்களின் சடலங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று அந்த ஏப்ரல் மாதம் லண்டன் "டைம்ஸ்", "டெயிலி மெயில்" முதலிய பத்திரிகைகள் எழுதின. செய்தி வந்த வழியைக் கவனிக்க வேண்டும். ஒரு துண்டு, ஜர்மன் பத்திரிகை நிருபர் ஒருவர் எழுதியது. அதில் "கடாவர்" என்று வந்த சொல்லுக்கு அந்தப் பாஷையில் மிருகப் பிணம் என்பதே வழக்கமான பொருள். மற்றொரு துண்டு, நடுநிலை நாடாகிய ஹாலந்தின் லைடன் நகரத்தில் பெல்ஜியர்கள் நடத்திய பத்திரிகையிலிருந்து, லண்டனில் வெளிவந்த மற்றொரு பெல்ஜியப் பத்திரிகை எடுத்துப் போட்டது. குதிரைப் பிணம் மனிதப் பிணமாயிற்று. நடுநிலை மண்ணைத் தொட்டு வந்ததால் அதற்குப் பிரமாணமும் கிடைத்தது. எட்டு வருஷம் கழித்து, 1925 டிஸம்பரில், ஜர்மன் ஸர்க்காரின் மறுப்பை ஏற்றுக்கொள்வதாக அயல்நாட்டு மந்திரி ஆஸ்டின் சேம்பர்லேன் காமன்ஸ் சபையில் அறிவித்தார். அதோடு தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணினர்.

தீரவில்லை. 1942 ஆகஸ்டில், மறுபடியும் நடுநிலை வகித்த அதே ஸ்விட்ஜர்லாந்தின் ஜெனிவா நகரத்திலிருந்து கெர்ஹார்ட் ரீக்னர் என்ற யூதர் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் ஒரு செய்தி அனுப்பினார். ஐரோப்பிய யூதர் அனைவரையும் அழித்து விட ஹிட்லரின் ஆட்சி திட்டமிட்டிருக்கிறது என்பது அதன் சாரம். வாஷிங்டன் உத்தியோகஸ்தர்கள் அதை வதந்தி என்று ஒதுக்கினார்கள். 1943இல் பிரிட்டிஷ் அயல்நாட்டு இலாகாவின் ஓர் உயர் உத்தியோகஸ்தர், போலந்திலிருந்து வரும் கொலைச் செய்திகள் போன யுத்தத்தின் மனிதக் கொழுப்புக் கதையை ஞாபகப்படுத்துகின்றன என்று குறிப்பு எழுதினார். இம்முறை செய்தி மெய், நம்புவாரில்லை. தமது பத்திரிகைகள் 1917இல் சொன்ன பொய்யின் நிழலில் நின்றுகொண்டு, 1943இல் அவர்கள் உண்மையைப் பார்த்தார்கள். அந்தத் தாமதத்தில் எத்தனை உயிர் போயிற்று என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

நமது கரைக்கும் இது தூரமான சங்கதி அன்று. 1939இல் யுத்தம் மூண்டதும் மூன்று ஜர்மன் வர்த்தகக் கப்பல்களும் ஓர் இத்தாலியக் கப்பலும் கோவாவின் மர்மகோவாத் துறைமுகத்தில் தஞ்சம் புகுந்தன. போர்த்துகல் நடுநிலை தேசம். கோவா அதன் ஆட்சியிலிருந்தது. அவற்றுள் ஒன்றான ஏரென்பெல்ஸ் ரகசியமாக வானொலி மூலம் செய்தி அனுப்பி நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு உதவுகிறது என்று பிரிட்டிஷார் கருதினர். 1943 மார்ச்சு 9ந் தேதி இரவு, கல்கத்தாவின் தொண்டர் குதிரைப் படையைச் சேர்ந்த வியாபாரிகளும் கம்பெனி உத்தியோகஸ்தர்களும் ஒரு மண்வாரிப் படகில் வந்து அந்தக் கப்பலில் ஏறினர். கப்பல்கள் தீப்பற்றி மூழ்கின. நடுநிலை மண்ணில் நடந்த இந்தத் தாக்குதலின் முழு வரலாறு வெளியானது 1978ஆம் வருஷம், ஜேம்ஸ் லீஸர் எழுதிய ஆங்கிலப் புஸ்தகத்தில். முப்பத்தைந்து வருஷ மௌனம்! பொய் எழுதுவது ஒரு வகைப் பிரசாரமானால், எழுதாமல் இருக்கச் செய்வது மற்றொரு வகை.

இனி, பெர்லின் போன செண்பகராமனைப் பற்றி நமது அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜர்மன் ஸர்க்கார் அவருக்கும் சட்டோபாத்தியாயர் முதலியோருக்கும் இடம் கொடுத்தது நம்மேல் உள்ள காதலால் அன்று. கீழ்நாட்டுப் பிரசாரத்துக்கென்று அவர்கள் ஓர் இலாகாவே வைத்திருந்தார்கள். ஸோஸெனுக்கருகில் இந்தியக் கைதிகளை அடைத்த முகாமில் "ஹிந்துஸ்தான்" என்ற பத்திரிகையை ஹிந்தியிலும் உருதுவிலும் அச்சிட்டு விநியோகித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது நமது விடுதலை அல்ல; பிரிட்டனின் தலைவலி. நமது தேசபக்தர்களுக்கு வேண்டியது விடுதலை. அதற்குப் பிரிட்டனின் தலைவலி பயன்படுமென்று எண்ணினார்கள். இருவரும் ஒரே வண்டியில் ஏறினார்கள், இறங்க வேண்டிய ஊர் வேறு. இதனால் செண்பகராமனைக் கூலிப் பிரசாரகர் என்பவர்களோடு நாம் சேர மாட்டோம். கூலி வருவதற்கு முன்பே பத்திரிகை நடத்தியவர் அவர். ஆனால் ஒரு வல்லரசின் பணத்தில் நடக்கும் பத்திரிகை அந்த வல்லரசைக் கண்டிக்க முடியாது என்பதும் உண்மையே. பெல்ஜியத்தை மிதித்த கால்களைப் பற்றிப் பெர்லினிலிருந்து யார் எழுத முடியும்? ஜூரிச்சில் அவருக்கு வறுமை இருந்தது, வாய் இருந்தது. பெர்லினில் வறுமை குறைந்தது. 1934இல் அவர் அந்நகரத்திலேயே காலமானார். 1966இல் அஸ்தி இந்தியப் போர்க்கப்பலில் தாய்நாடு வந்தது. அவர் ஏறிய உண்மையான போர்க்கப்பல் அதுதான்.

"வீரக் கதை ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே, பிள்ளைகளுக்கு உற்சாகம் உண்டாகிறதல்லவா?" என்று நமது நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும் என்று விட முடியாதபடி காலம் மாறி விட்டது. கைபேசியில் ஒரு நொடியில் எம்டனின் பயண வழியைப் பார்க்கக் கூடிய பையன், கதை பொய் என்று கண்டுகொண்ட அன்றே, வ. உ. சி. செக்கிழுத்ததையும் பொய்யோ என்று கேட்பான். அவனைக் கோபிக்க நமக்கு என்ன உரிமை?

திருவதிகையிலிருந்து கிழக்கே போனால் கடலூர். அதற்கு வடக்கே புதுவை. அந்தப் புதுவையில் நமது பெரியோர்கள் பொய்யை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் இந்த இடத்தில் நினைவுபடுத்த விரும்புகிறோம். சென்னையில் வாய்ப்பூட்டுப் போடப்பட்ட "இந்தியா" பத்திரிகை 1908இல் பிரெஞ்சு மண்ணுக்குக் குடியேறியது. பாரதியார், வ. வே. சு. ஐயர், அரவிந்தர் ஆகியோரைச் சுற்றிப் பிரிட்டிஷ் வேவுகாரர்கள் வீதிக்கு வீதி முளைத்தார்கள். 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றில் ஒரு ஜாடி கிடைத்தது. உள்ளே ராஜத்துரோகத் துண்டுகளும் காளி படமும். வீட்டில் இருந்தவர்களை மாட்டிவைக்க எவரோ போட்ட போலிச் சரக்கு அது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஜாடியை ஒளிக்கவில்லை, பதிலுக்கு வேறு போலிக் கடிதம் தயாரித்து வேவுகாரர் வீட்டில் போடவும் இல்லை. நேரே பிரெஞ்சுப் போலீஸாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேவுகாரரின் புகாரின் மேல் வீடுகள் சோதனையிடப்பட்டன. அரவிந்தர் வீட்டில் விசாரணை நீதிபதிக்குக் கிடைத்தவை கிரேக்க, லத்தீன் புஸ்தகங்கள். அவர் மரியாதையோடு திரும்பிப் போனார். பொய்ப் புகார் கொடுத்த ஆசாமி பிரிட்டிஷ் எல்லைக்குள் ஓடி விட்டார். ஆறு வருஷத்துக்குப் பின், யுத்தம் முடிந்து ஒன்பதாம் நாள், 1918 நவம்பர் 20ந் தேதி, புதுவையை விட்டு வெளிவந்த பாரதியாரைக் கடலூரில் கைது செய்தார்கள். டிஸம்பர் 14ந் தேதி வரை அவர் சிறையில் இருந்தார். வேவுகாரர்கள் பத்து வருஷம் எழுதிய அறிக்கைகளைக் கொண்டு அவர்மீது நிறுத்த முடிந்த வழக்கு ஒன்றுகூட இல்லை.

இதை எழுதுவதற்கு முன் திருவதிகைப் பிரசங்கியாரைத் தேடிப் போய்ப் பார்த்தோம். பேர் போடாமல் எழுதப் போகிறோம் என்று சொன்னதும் முதலில் முகம் சுருங்கினார். தேதிகளை வரிசையாக எழுதிக் காட்டியபின் நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் அடுத்த செப்டம்பரில் நான் எதைப் பேசுவது? ஜூரிச்சில் ஒருவர் பத்திரிகை நடத்தினார் என்றால் யார் கை தட்டுவார்கள்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. கடைசியில், தேதிகள் எழுதிய அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செப்டம்பரில் மறுபடியும் அந்தத் திண்ணைக்குப் போவதாக அவரிடம் சொல்லி வந்திருக்கிறோம்.